துப்பாக்கி ஏந்த மறுத்த குடியானவர்

1943 மார்ச் மாதத் தொடக்கம். ஆஸ்திரியாவின் என்ஸ் நகர ராணுவ முகாமுக்கு 35 வயதுக் குடியானவர் ஒருவர் வந்து சேர்ந்தார். சேவைக்கு வரும்படி அழைப்பாணை வந்திருந்தது. அவர் ஓடி ஒளியவில்லை. ஹிட்லரின் போரில் துப்பாக்கி ஏந்த முடியாது என்பதை நேரில் சொல்லவே வந்திருந்தார். அப்படிச் சொன்னால் தலை போகும் என்று அவருக்கும் தெரியும், ஊரில் விட்டுவந்த மனைவிக்கும் தெரியும்.

அவர் பெயர் ஃபிரான்ட்ஸ் யேகர்ஸ்டெட்டர். 1907 மே 20ஆம் நாள் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். ஹிட்லர் பிறந்த பிரவுனாவும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ளக்கூட வசதியில்லாதவர்கள். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பாட்டிதான் பிள்ளையை வளர்த்தார். பின்னர் தாயை மணந்த விவசாயி அவரைத் தத்தெடுத்து, தம் குடும்பப் பெயரையும் பண்ணையையும் கொடுத்தார்.

இன்று தேவாலயங்களில் அவர் படம் மாட்டப்பட்டிருப்பதால், பிறவியிலேயே சாது என்று எண்ணிவிட வேண்டாம். இளமையில் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வேலை செய்து காசு சேர்த்து, ஊரிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். மணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையும் ஆனார். 1936இல் ஃபிரான்சிஸ்காவைக் கைப்பிடித்த பிறகு வாழ்க்கை ஒழுங்குக்கு வந்தது. அடுத்தடுத்து மூன்று மகள்கள் பிறந்தார்கள்.

1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டு, அதற்கு மக்களின் சம்மதம் கேட்டு ஏப்ரல் 10ஆம் நாள் வாக்கெடுப்பு நடத்தினார். அந்த ஊரில் வேண்டாம் என்று விழுந்த ஒரே வாக்கு யேகர்ஸ்டெட்டருடையது. ஊர் அதிகாரிகள் அதை மறைத்து, எல்லாரும் ஆதரித்ததாகவே மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பினார்கள். அவரைக் காப்பாற்றவா, தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவா? இரண்டும் இருந்திருக்கலாம். அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுத்த உதவித்தொகையையும் அவர் தொடவில்லை.

ராணுவத்தையே அறியாதவர் அல்லர் அவர். 1940இல் அழைப்பு வந்தபோது போனார். சீருடை அணிந்தார், லாரி ஓட்டப் பழகினார். பண்ணையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று ஊர்த்தலைவர் கேட்டுக்கொண்டதால், 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். அதற்குள் மனம் மாறியிருந்தது. மனநோயாளிகளை அரசே கொல்கிறது என்ற செய்தி காதுக்கு எட்டியிருந்தது. அந்த ஆண்டில் ரஷ்யா மீதும் படை பாய்ந்தது. இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்தார். ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளையாகப் பணியாற்றிக்கொண்டே இரண்டு ஆண்டுகள் இந்த முடிவைச் சுமந்தார்.

லின்ஸ் நகர ஆயரைச் சந்தித்தும் விளக்கம் கேட்டார். போர் நியாயமானதா என்று தீர்மானிப்பது ஒரு குடிமகனின் பொறுப்பல்ல, குடும்பத்தைப் பார்ப்பதே கடமை என்ற பதில்தான் கிடைத்தது. தாயும் உறவினரும் கெஞ்சினார்கள். ஃபிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துப் பார்த்தார். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தாமும் எதிர்த்தால் கணவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து, அதன்பின் அவர் பக்கமே நின்றார்.

என்ஸில் கைதானவர் லின்ஸ் சிறைக்கும், மே மாதம் பெர்லினில் உள்ள டேகல் சிறைக்கும் கொண்டுபோகப்பட்டார். எல்லாக் கடமையையும் அவர் மறுக்கவில்லை என்பது முக்கியம். காயம்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவப் பணியைக் கொடுத்தால் செய்வதாகச் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படையின் உறுதியைக் குலைத்தார் என்று ஜூலை 6ஆம் நாள் மரண தண்டனை விதித்தது.

அதே மாதம் ஃபிரான்சிஸ்கா ஊர்ப் பாதிரியாருடன் ரயிலேறி பெர்லினுக்கு வந்தார். சந்திக்கக் கிடைத்தது ஏறக்குறைய இருபது நிமிடம். கணவன் மனைவி பார்த்துக்கொண்ட கடைசி நேரம் அது. அந்த நேரத்திலும் மனத்தை மாற்றிக்கொள்ளும்படி பாதிரியார் வற்புறுத்தினார். சிறையில் அவருக்குக் கிடைத்த ஆறுதல் வேறொரு செய்தி: ஃபிரான்ட்ஸ் ரைனிஷ் என்ற பாதிரியாரும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, முந்திய ஆண்டு உயிர் துறந்திருந்தார். தாம் தனி ஆள் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் மாலை, பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை.

போர் முடிந்தும் அந்த வீட்டுக்கு நல்ல காலம் பிறக்கவில்லை. கணவனைத் தடுக்காதவள் என்று ஊரார் பழியை ஃபிரான்சிஸ்கா மீதே போட்டார்கள். போரில் இறந்தோரின் மனைவிமாருக்குக் கிடைத்த உதவிப் பணம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு மூன்று பெண்களை வளர்த்தார். யேகர்ஸ்டெட்டரைப் பற்றிய கட்டுரை மறைமாவட்ட இதழில் வெளிவருவதையும் ஆயர் தடுத்தார். மறுத்தவரைப் புகழ்ந்தால் போருக்குப் போய் மாண்ட பிள்ளைகளின் பெற்றோர் மனம் என்னாகும் என்ற சங்கடம் அன்று பலருக்கும் இருந்தது. அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

கோர்டன் ஸான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964இல் எழுதிய நூல்தான் அவரை உலகறியச் செய்தது. மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் ஆயுதம் ஏந்தக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜெர்மனி 1949இலேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது. ஆஸ்திரியாவில் 1975 முதல் படைச் சேவைக்குப் பதிலாகப் பொதுச் சேவை செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. அவர் மீதான தீர்ப்பை மட்டும் பெர்லின் நீதிமன்றம் 1997 மே மாதம்தான் ரத்து செய்தது.

2007 அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 94 வயது ஃபிரான்சிஸ்கா மகள்களுடன் வந்திருந்தார். 2013 மார்ச்சில், நூறாவது பிறந்தநாள் கழிந்த சில நாள்களில் அவரும் காலமானார்.