ஃபிரெட்டி மெர்குரி: பஞ்ச்கனி பள்ளி முதல் இறுதி ஆல்பம் வரை

'குயின்' ராக் இசைக்குழுவின் ஆல்பங்களில் சிறந்தது எது என்ற கேள்விக்கு, ரசிகர்கள் பலர் 1975-ஆம் ஆண்டு வெளியான 'எ நைட் அட் தி ஓபரா'வையே தேர்வு செய்கின்றனர். எனினும், பாடகர் ஃபிரெட்டி மெர்குரியின் வாழ்க்கையை அறிந்தோருக்கு 1991-இல் வெளியான 'இன்யுவெண்டோ'வை ஒதுக்கிவிடுவது எளிதல்ல.

ஃபரோக் பல்சாரா என்ற இயற்பெயர் கொண்ட மெர்குரி, குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட பார்சி குடும்பத்தில் 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி சான்சிபாரில் பிறந்தார். மகாராஷ்டிர மாநிலம் பஞ்ச்கனியில் உள்ள விடுதிப் பள்ளியில் பயின்றபோது பியானோ கற்றதுடன், சக மாணவர்களுடன் இசைக்குழுவும் தொடங்கினார்.

சான்சிபார் புரட்சியைத் தொடர்ந்து 1964-இல் அவரது குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. 1970-இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து 'குயின்' குழுவை உருவாக்கினார். மறு ஆண்டு ஜான் டீக்கன் இணைந்தார்.

'எ நைட் அட் தி ஓபரா'வில் மெர்குரி எழுதிய 'போஹிமியன் ராப்சடி' ஏறத்தாழ 6 நிமிடம் நீளும் பாடல். வானொலிக்கு ஏற்ற நீளமல்ல என்று கருதப்பட்ட அப்பாடல், பிரிட்டன் தரவரிசையில் தொடர்ந்து 9 வாரங்கள் முதலிடம் வகித்தது.

'இன்யுவெண்டோ' பதிவின்போது அவர் எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அதனை வெளியுலகுக்குத் தெரிவிக்கவில்லை. உடல் நலிந்த நிலையிலும், பெரும்பகுதி மே எழுதிய 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாடலை உச்சக் குரலில் பாடி முடித்தார்.

1991 நவம்பர் 23-ஆம் தேதி நோய் குறித்து அறிவித்த அவர், மறுநாள் லண்டனில் 45-ஆவது வயதில் காலமானார். அவர் பதிவு செய்து விட்டுச் சென்ற குரலைக் கொண்டு சக கலைஞர்கள் நிறைவு செய்த 'மேட் இன் ஹெவன்' ஆல்பம் 1995-இல் வெளியானது.