ஆர். கே. சண்முகம் செட்டியார்

சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் (அக்டோபர் 17, 1892 - மே 5, 1953) கோயம்புத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞரும் பொருளியல் அறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். இவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பணியாற்றினார். வரி, வங்கி, தொழிற்கடன் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டங்களும் அமைப்புகளும் உருவான காலத்தில் இவர் முக்கியப் பங்காற்றினார். அத்தகைய ஒரு சட்டத்தின் செயலாக்கம் தொடர்பான சர்ச்சையே இவரது பதவி விலகலுக்கும் காரணமாயிற்று.

இளமை

கோயம்புத்தூரில் துணி ஆலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917 இல் கோயம்புத்தூர் நகராட்சி உறுப்பினரானார். பின்னர் அதன் துணைத் தலைவராகவும் இருந்தார்.

சட்டமன்றப் பணி

1920 இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் சுயராச்சியக் கட்சியில் சேர்ந்து மத்திய சட்டமன்ற உறுப்பினரானார். 1932 இல் ஒட்டாவாவில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசின் பொருளாதார மாநாட்டில் இந்தியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். பேரரசு நாடுகளுக்குச் சுங்கத்தில் சலுகை தரும் ஒட்டாவா உடன்படிக்கையை ஆதரித்ததால் தேசியவாதிகளின் எதிர்ப்புக்கு உள்ளானார். 1933 முதல் 1934 வரை மத்திய சட்டமன்றத்தின் தலைவராக இருந்தார். 1934 தேர்தலில் தோல்வியுற்றார்.

கொச்சி திவான்

1935 முதல் 1941 வரை கொச்சி சமத்தானத்தின் திவானாக இருந்தார். இக்காலத்தில் கொச்சித் துறைமுகம் வளர்ச்சியடைந்தது. 1938 இல் சில துறைகள் மக்கள் பிரதிநிதியான ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்தியச் சமத்தானங்களில் இத்தகைய இரட்டையாட்சி முறை முதன்முதலில் கொச்சியிலேயே அறிமுகமானது.

பன்னாட்டு மாநாடு

1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகள் கூடிய மாநாட்டில் இந்தியக் குழுவின் உறுப்பினராக இருந்தார். பன்னாட்டு நாணய நிதியம், உலக வங்கி ஆகியவை இம்மாநாட்டின் விளைவாகத் தோன்றின. போர்க்காலத்தில் இந்தியா வழங்கிய பொருட்களுக்கு ஈடாக இலண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்புகளுக்கு வழிகாண வேண்டுமென்ற இந்தியாவின் கோரிக்கை அங்கு ஏற்கப்படவில்லை. 1948 இல் இவ்விருப்புகள் குறித்து இலண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில் இந்தியக் குழுவுக்கு இவரே தலைமை தாங்கினார்.

நிதியமைச்சர்

காங்கிரசைச் சாராதவராக இருந்தும் 1947 இல் நேருவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை நவம்பர் 26, 1947 அன்று முன்வைத்தார். ஏழரை மாதங்களுக்கான அத்திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய் எனவும் செலவு 197.39 கோடி ரூபாய் எனவும் மதிப்பிடப்பட்டன. பருத்தித் துணி, நூல் ஆகியவற்றின் ஏற்றுமதித் தீர்வை மூலம் கூடுதல் வருவாய் திரட்டவும் முன்மொழியப்பட்டது.

அக்காலத்தில் வணிக வங்கிகள் பெரும்பாலும் குறுகிய காலக் கடனையே வழங்கின. ஆலைகளுக்கு வேண்டிய நீண்டகால முதலீடு சில குடும்பங்களின் மேலாண்மை முகமைகளைச் சார்ந்திருந்தது. இக்குறையை ஈடுசெய்ய 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொழில் நிதிக் கழகம் தொடங்கப்பட்டது. பங்குதாரர்களுக்குச் சொந்தமாக இருந்த ரிசர்வ் வங்கியை அரசுடைமையாக்கும் முடிவும் இவரது பதவிக்காலத்தில் அறிவிக்கப்பட்டது. அது சனவரி 1, 1949 அன்று நடைமுறைக்கு வந்தது.

பதவி விலகல்

போர்க்காலத்தில் பெரும் இலாபம் ஈட்டி வரி ஏய்த்தவர்களைக் கண்டறிய 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமான வரி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எவரெவரை விசாரிப்பது என்பதை அரசே தெரிவு செய்து ஆணையத்திற்கு அனுப்பியது. அவ்வாறு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சில தொழிலதிபர்களின் பெயர்கள் நீக்கப்பட்டது குறித்துச் சர்ச்சை எழுந்தது. அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்றுச் சண்முகம் செட்டியார் ஆகஸ்ட் 1948 இல் பதவி விலகினார். அவருக்குப் பின் ஜான் மத்தாய் நிதியமைச்சரானார்.

இச்சட்டம் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் கேள்விக்குள்ளானது. வரி ஏய்த்தோருள் சிலரை மட்டும் கடுமையான தனி நடைமுறைக்கு உட்படுத்துவது சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் உரிமைக்கு முரணானது எனக் கூறி, அதன் சில பிரிவுகள் செல்லாதவை என 1954, 1955 ஆம் ஆண்டுகளில் தீர்ப்பளிக்கப்பட்டது.

தமிழ்ப்பணி

தமிழிசை இயக்கத்தில் முன்னின்று செயற்பட்டார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.