முடிதிருத்தும் கடையில் மறுக்கப்பட்ட வீரர்

வில்லியம் ஹென்றி லூயிஸ் 1868-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தார். 1891-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைவரானார். பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்துக்கொண்டே விளையாடினார். 1892-இல் அகில அமெரிக்கச் சிறந்த வீரர்களில் ஒருவராகத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஆனால், ஹார்வர்டு அமைந்த கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் அவருக்குச் சவரம் செய்ய மறுத்தார். லூயிஸ் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்திடம் முறையிட்டார். முடிதிருத்தும் கடைகளிலும் நிறபேதம் கூடாது எனச் சட்டம் திருத்தப்பட்டது. 1911-இல் அவர் அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரலானார். 1949-இல் மறைந்தார்.

இன்றும் முடிதிருத்தும் கடைகளில் நம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஊர்கள் உண்டு. சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு லூயிஸை அறிமுகப்படுத்துகிறோம்.