தனி மரம் தோப்பாகாது: ஜி.டி. நாயுடு வாழ்க்கை வரலாறு



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எடுத்துக்கொண்டவர் ஜி.டி. நாயுடு ஐயா. இந்தியாவின் எடிசன் என்ற பட்டம் நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர் அதிகம் படிக்கவில்லை என்பதும் தெரியும். எங்க வகுப்பில் சில பசங்க அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. அவரே படிக்கலையாம், நாம எதுக்குப் படிக்கணும்னு கேக்கறாங்க. விளையாட்டுக்குத்தான் கேக்கறாங்க. ஆனால் பத்தாவதோடு நிற்கப் போகிறவர்கள் நம்ம பள்ளியில் நிஜமாகவே இருக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கான்னு பார்த்து எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார். ஊர், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானா ஓடுது! அதை எப்படியாவது வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணினார். கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அதை அக்கு அக்காகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் பாடப்புத்தகம், அதுதான் பரீட்சை.

ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு கம்பெனி

1920-இல் ஒரு பஸ் வாங்கினார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவி அவருக்குக் கிடைத்தது. அந்தப் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பெருகி யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. சில வருஷங்களிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் கம்பெனி என்று நாட்டில் பேர் வாங்கியது.

ஒரு பஸ்ஸை ஒரு ஆள் ஓட்டிவிடலாம். நிறைய பஸ் ஓடணும்னா டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், ஃபிட்டர், வெல்டர், கணக்கு எழுதுறவர் என்று எத்தனை பேர் வேணும்! அத்தனை பேருக்கும் வேலை தெரியணும். தனி மரம் தோப்பாகாது என்று நம்ம பெரியவங்க சொல்வது தொழிலுக்கும் பொருந்தும்.

தோப்பு எப்படி வளர்ந்தது?

யு.எம்.எஸ்.ஸில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. 1937-இல் பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் ஒரு மின்மோட்டார் தயாரானது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று பேர் பெற்றது அதுதான். அதைச் செய்வதில் பெரிய பங்கு பாலசுந்தரம் அவர்களுக்கு உண்டு. பிற்பாடு அவர் டெக்ஸ்டூல் என்ற கம்பெனியைத் தானே ஆரம்பித்து, நூல் மில் இயந்திரங்கள் செய்தார்.

இங்கேதான் நாம கவனிக்கணும். ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவர் கைத்திறமை கொடுத்தார், இருவரும் கலந்து பேசி வேலை செய்தார்கள். அங்கே வேலை செய்தவர் வெளியே வந்து இன்னொரு தொழிலுக்கு முதலாளி ஆனார். ஒரு மரத்து விதை பக்கத்தில் விழுந்து இன்னொரு மரமாவது மாதிரி.

இதற்கு ஊரும் தயாராக இருந்தது. 1926-லேயே பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் தர்ம ஸ்தாபனம் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டில் பட்டறையும் படிப்பும் ஒரே இடத்தில் நடந்தது. 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள். மோட்டார் இருந்தால் அது ரிப்பேர் ஆகும். ரிப்பேர் ஆனால் பட்டறை வரும். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் வேலை கற்றுக்கொண்டு தனிப் பட்டறை போடுவான். இன்று பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் கோயம்புத்தூர் பேர் சொல்கிறது என்றால் இப்படிப் படிப்படியாக வந்ததுதான்.

படிக்காதவர் தொடங்கிய கல்லூரி

1944-இல் நாயுடு பஸ் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நலத்திட்டங்கள் என்று அறிவித்தார். அவருடைய நன்கொடையால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், 1945-இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் உண்டாயின. ஆர்தர் ஹோப் என்பவர் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி இப்போது அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக, ஜி.சி.டி.யாக இருக்கிறது. பீளமேட்டில் கண்டக்டர்கள் ஹோப்ஸ் காலேஜ், ஹோப்ஸ் காலேஜ்னு கூப்பிடும் ஸ்டாப்புக்குப் பேர் வந்ததும் இதனால்தான்.

ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத நாயுடுதான் அந்தக் கல்லூரிக்கு முதல்வர்!

அங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. அரசாங்கம் வைத்த படிப்பு நான்கு வருஷம். அது மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, அதே பாடத்தை இரண்டு வருஷத்தில் சொல்லித்தரலாம் என்பது நாயுடுவின் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? ரெண்டு பக்கமும் இருக்கு என்று எனக்குத் தோணுது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் முன்னாடியே சம்பளம் வந்தால் அது பெரிய விஷயம். ஆனா கையால் செய்யக் கற்றுக்கொண்டால் போதுமா? அது ஏன் அப்படி வேலை செய்யுதுன்னு புரியறதுக்குக் கணக்கும் அறிவியலும் நிதானமாகப் படிக்கணும். நாயுடு மாதிரி கழற்றிப் பார்த்தே புரிந்துகொள்ளும் மூளை எல்லாருக்கும் அமையாதுங்க.

கிடைக்காத லைசென்ஸ்

அவருடைய வாழ்க்கையில் எல்லாம் வெற்றி இல்லை. 1936 தேர்தலில் நின்று தோற்றார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது தொடராமல் நின்றுபோனது. அந்தக் கார் பெருகியிருந்தால் அதைச் சுற்றி எத்தனை பட்டறைகள் வந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமா இருக்கு. திறமையும் உழைப்பும் மட்டும் போதாது. பள்ளி, பட்டறை, பணம், அரசாங்கம் எல்லாம் சேர்ந்து கை கொடுத்தால்தான் ஒரு தொழில் நிமிரும்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தம்முடைய 80-ஆவது வயதில் காலமானார்.

தெரிந்துகொள்வோம்

* ரசாந்த் என்பது நாயுடு செய்த சவர இயந்திரம். உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் அதற்குள் இருந்தது.
* மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழரசம் பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் ஆகியவற்றையும் உருவாக்கினார்.
* பருத்தி, சோளம், பப்பாளியில் ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்துக்கு வந்து பார்த்தார்கள்.
* கோவை அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பேர் வைக்கப்பட்டது. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். அந்தப் பாலம் ஹோப்ஸ் காலேஜைத் தாண்டித்தான் போகிறது.

என் கருத்து

நம்ம பசங்க கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜி.டி. நாயுடு பள்ளியை விட்டார், வாஸ்தவம். ஆனா கற்றுக்கொள்வதை விடவே இல்லை. சம்பாதித்த பிறகு அந்தப் பணத்தில் அடுத்தவர் பிள்ளைகள் படிக்கப் பாலிடெக்னிக்கும் கல்லூரியும் உண்டாகச் செய்தார். படிப்பு வேண்டாம் என்று நினைப்பவர் அப்படிச் செய்வாரா? யோசிங்க.

பத்தாவதுக்கு அப்புறம் ஐ.டி.ஐ. இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு. ரெண்டிலும் பொண்ணுங்களும் சேரலாம். லேத்து, வெல்டிங், மோட்டார் ரீவைண்டிங் எல்லாம் ஆம்பளைங்க வேலைன்னு எந்தச் சட்டமும் சொல்லலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு அட்டை மாடல் செய்யாமல், அஞ்சாறு பேர் சேர்ந்து நிஜமாவே ஓடுகிற ஒரு பொருளைச் செய்வோமா? வீட்டில் பழுதான மிக்ஸியோ ஃபேனோ இருந்தால் கொண்டு வாங்க. கரண்ட் குடுக்காம, சார் பக்கத்துல நிக்கும்போது கழற்றிப் பார்ப்போம். திரும்ப மாட்டத் தெரிஞ்சவங்களும் கட்டாயம் வரணும்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி