கழிவுநீரைத் தெளிய வைத்த வேதியியலார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

யானைக்கல் பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக் கொள்ளாத மாணவர் நம்மில் எவரேனும் உளரோ? அலங்காநல்லூரிலிருந்து பேருந்தில் வரும் எனக்கு அது அன்றாட அனுபவம். சித்திரையில் அழகர் இறங்குவதும் அதே வைகையில்தான். அந்த நாற்றமே என்னைக் கில்பர்ட் ஜான் பவுலர் என்னும் ஆங்கிலேய வேதியியலாரின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. கழிவுநீர்த் துறையினர் யாவரும் அறிந்த பெயர் அது. அவர் தம் வாழ்வின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கும் உரியவரானார்.

1868-இல் பிறந்த பவுலர், மான்செஸ்டர் நகராட்சியின் டேவிஹூல்ம் கழிவுநீர் நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். மான்செஸ்டரும் நம் மதுரையைப் போல் நூற்பாலைகள் நிறைந்த ஊர். அதன் ஆறுகளும் கருத்துக் கிடந்தன. கழிவில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் என்பதை அறிஞர்கள் அன்றே அறிந்திருந்தனர். ஆனால் அவ்வேலை ஆற்றுக்குள் நடந்தால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் முழுவதும் செலவாகி மீன்கள் மடியும். அதே வேலையை ஆற்றுக்கு வெளியே, ஒரு தொட்டிக்குள், விரைவாக முடிப்பது எங்ஙனம் என்பதே அவர் முன் நின்ற வினா.

1912-இல் அமெரிக்கா சென்ற பவுலர், மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனையைக் கண்டார். ஊர் திரும்பியதும் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவரை அதில் ஈடுபடுத்தினார். முதல் புட்டியில் அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. பிறகுதான் சுவையான செய்தி. அடியில் படிந்த சேற்றை அவர்கள் கொட்டிவிடவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அச்சேற்றின் மீதே புதுக் கழிவை ஊற்றினர். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்யச் செய்ய நாட்கள் குறைந்து, முடிவில் ஒரே நாளுக்குள் நீர் தெளிந்தது. நம் வீட்டில் பாலுக்கு உறைமோர் ஊற்றுகிறார்களே, அதைப் போன்றதுதான். அச்சேறு உயிருள்ள உறை.

1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இக்கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. கட்டுரையில் ஆர்டர்ன், லாக்கெட் இருவர் பெயர்களே உள்ளன. வழிகாட்டிய பவுலரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. ஆய்வுக்கூடப் பதிவேட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டையிடும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்!

1916-இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1921-இல் அங்கு உயிர்வேதியியல் துறை தோன்றியபோது அதன் தலைவரானார். நம் மண்ணில் நைட்ரஜன் குறைவு என்பதும், நகரங்கள் அதனை ஆற்றில் வீணே கொட்டுகின்றன என்பதும் அவரை வருத்தின. கழிவின் சேறு உரமாக வயலுக்குத் திரும்ப வேண்டும் என்றே வாதாடினார். 1934-இல் இது குறித்து ஒரு நூலும் வெளியிட்டார்.

இதனை என் தந்தையாரிடம் சொன்னேன். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவர், ஆட்டுக்கிடை போட்டவருக்கு நாம் நெல் அளப்பதில்லையா, வெள்ளைக்காரர் அதைத்தானே சொல்லியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு ஓர் ஐயம் மட்டும் உண்டு. பட்டறை, சாயக் கழிவுகளின் உலோகங்களும் கலந்த இன்றைய சேற்றைச் சோதிக்காமல் வயலில் இடலாகாது. அவ்வகையில் பவுலரின் கனவு பாதியில்தான் நிற்கிறது.

மதுரைக்கு இன்று அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. அவனியாபுரத்தில் மட்டும் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டரைத் தூய்மை செய்யும் வகையில் அமைத்திருக்கின்றனர். எனினும் குழாயில் சேராது வாய்க்கால் வழியே நேராக வைகையில் விழும் நீர் இன்னும் உண்டு. பாலத்து நாற்றம் அதனுடையதே.

பவுலர் 1953-இல் காலமானார். அவர் பணியாற்றிய டேவிஹூல்ம் நிலையம் இன்றும் மான்செஸ்டரின் கழிவுநீரைத் தெளிவித்துக் கொண்டிருக்கிறது.