காந்த ஆராய்ச்சி அறிஞர் கிருஷ்ணன்

தமிழ்நாடு உலகுக்கு அளித்த விஞ்ஞானிகளுள் சர் கே. எஸ். கிருஷ்ணன் சிறந்து விளங்கியவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பு என்னும் ஊரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை வாய்ந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியை முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் உயர்கல்வி பெற்றார்.

அந்நாளில் கிறித்தவக் கல்லூரி, இராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் இருந்தது; 1937இல்தான் தாம்பரத்துக்கு மாறியது. அக்கல்லூரியிலேயே கிருஷ்ணன் இரசாயனச் செய்முறை ஆசிரியரானார். நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி, அவர்கள் எழுப்பும் ஐயங்களை ஆராய்வார். பிற கல்லூரி மாணவர்களும் அங்கு நாடி வந்தனர்.

ஆராய்ச்சி வேட்கை இவரைக் கல்கத்தாவுக்கு ஈர்த்தது. 1923இல் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அப்பணியில் உடனுழைத்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் பதவியேற்று, படிகங்களின் காந்தத் தன்மை என்னும் வேறு துறையில் புகுந்தார்.

படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தத்துக்கு உட்படுவதில்லை. அவ்வேற்றுமையை அளப்பது எப்படி? சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிட்டார் கிருஷ்ணன். இழையின் மேல்முனையை மெல்ல மெல்லத் திருகினார். ஓர் எல்லைவரை படிகம் காந்தத்தின் பிடியில் நிற்கும். எல்லை கடந்ததும் சட்டென்று புரண்டு திரும்பும். அந்த எல்லைக் கோணத்தைக் கொண்டே வேற்றுமையைக் கணக்கிட்டார். படிகத்தினுள் மூலக்கூறுகள் அமைந்துள்ள நிலையும், உலோக அணுவின் காந்தத் தன்மையைச் சூழ்ந்துள்ள அணுக்கள் மாற்றும் விதமும் இதனால் விளங்கின.

அவ்வுண்மையின் வியத்தகு விளைவு ஒன்றுண்டு. சில இரும்புச் சேர்மங்களில், குளிர்ந்த நிலையில் எலக்ட்ரான்கள் இணைந்திருப்பதால் காந்தத் தன்மை குறைந்திருக்கும். சூடேறினால் இணை பிரியும், காந்தத் தன்மை ஓங்கும், நிறமும் மாறுவதுண்டு. இத்தகைய மாற்றத்தை 1931இல் இத்தாலிய அறிஞர் காம்பி கண்டறிந்தார். வெப்பம், ஒளி, அழுத்தம், மின்புலம் ஆகியவற்றால், விளக்கை ஏற்றி அணைப்பதுபோல், மூலக்கூறின் காந்த நிலையை மாற்ற இன்று அறிஞர்கள் முயல்கின்றனர். கணிப்பொறியின் நினைவகத்துக்கு இது பயன்படும் என்பது அவர்களது நம்பிக்கை. கிருஷ்ணன் இம்மாற்றத்தைக் கண்டவர் அல்லர். எனினும் இதற்கு அடிப்படையான படிகக் காந்தவியலை வளர்த்தவர்களுள் ஒருவர்.

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவியேற்றார். 1940இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம் சென்றார். 1946இல் சர் பட்டம் பெற்றார். 1947இல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது இவரை அடைந்தது. 1961 ஜூன் திங்களில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஓர் இழை, ஒரு படிகம், ஒரு காந்தம் ஆகிய எளிய கருவிகளைக் கொண்டே இவர் அரிய உண்மைகளை வெளிப்படுத்தினார். கூரிய அறிவும் தளராத பொறுமையும் ஒன்றுசேர்ந்தால் சிறு கருவியும் பெரும்பயன் தரும் என்பதற்குக் கிருஷ்ணனின் வாழ்வே சான்றாகும்.