ஓய்வறியாத உத்தமர் காந்தியடிகள்

மகாத்மா காந்தி அவர்கள் 1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2 ஆம் திகதி குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். அன்னாரின் அரசியற் பணியை அறியாதார் இலர். ஆயினும் உடலையும் கையையும் மனத்தையும் ஒருபோதும் சோம்பியிருக்க விடாது அவர் வாழ்ந்த முறை, முதியோரும் இளையோரும் ஒருங்கே அறிந்து கடைப்பிடிக்கத் தக்கதாகும்.

பாடசாலை நாட்களில் காந்திக்குத் தேகப்பயிற்சியில் நாட்டம் இருக்கவில்லை. நடை ஒன்றே அவருக்குப் பிடித்தமான பயிற்சியாயிற்று. இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் தினமும் எட்டுப் பத்து மைல் நடந்தார். 1910 இல் தென்னாபிரிக்காவில் தோல்ஸ்தோய் பண்ணையை அமைத்தபோது, 21 மைல் தொலைவிலிருந்த ஜொகன்னஸ்பேர்க் நகருக்குச் சொந்த அலுவலாகச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டுமென்ற ஒழுங்கை ஏற்படுத்தித் தாமும் நடந்தார். 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டி வரை ஏறக்குறைய 240 மைல் நடந்தபோது அவருக்கு வயது 60. 1947 இன் தொடக்கத்தில், கலவரத்தால் துயருற்ற நவகாளி மக்களைத் தேற்றுவதற்கென 77 வயதிலே வெறுங்காலுடன் கிராமம் கிராமமாக நடந்தார்.

கைத்தொழிலிலும் அவர் பின்னிற்கவில்லை. செருப்புத் தைக்கக் கற்றார். தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸ் அவர்களுக்கே தம் கையால் தைத்த ஒரு சோடிச் செருப்பை அன்பளிப்பாக வழங்கினார். இந்தியா திரும்பிய பின்னர் இராட்டையில் நூல் நூற்பதை நாளாந்தக் கடமையாகக் கொண்டார். வேலையற்ற ஏழைக் குடும்பங்களுக்கு அது கஞ்சி வார்க்கும் என்பது அவரது நம்பிக்கை. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு எழுந்தருளி யாழ்ப்பாணத்திலும் தங்கியது இக்கதர்ப் பணிக்கு நிதி சேர்ப்பதற்காகவே. தீண்டாமையைக் கைவிடுமாறும் அவ்வேளையில் எம்மவரை வேண்டிக்கொண்டார்.

1922 இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்று எரவாடாச் சிறையில் இருந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. நூற்றார், பஞ்சு கொட்டினார், பல நூல்களைக் கற்றார். தென்னாபிரிக்க இந்தியரின் போராட்ட வரலாற்றையும் அங்கேயே எழுதுவிக்கத் தொடங்கினார். பெரியோரை மட்டுமன்றிச் சாதாரண தொழிலாளரையும் அவ்வரலாறு மறவாது பதிவு செய்தது. சிறை சென்று நோயுற்று, 1914 பெப்ரவரியில் 16 வயதிலே உயிர்நீத்த தமிழ்ப் பெண் வள்ளியம்மையின் தியாகமும் அதில் இடம்பெற்றது. தக்க வேளையில் எழுதி வைத்தமையாலேயே அத்தகையோரின் கதைகள் அழியாது நின்றன.

1948 ஜனவரி 30 ஆம் திகதி மாலை, பிரார்த்தனைக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டதென விரைந்து நடந்து செல்கையிலேயே காந்தியடிகள் சுடப்பட்டு இறைவனடி சேர்ந்தார். இறுதி அடியும் இறைவழிபாட்டை நோக்கியதாகவே அமைந்தது.

உடல்நலத்துக்காகத் தொடங்கிய நடை பிறர் துயர் துடைக்கச் சென்றது. கைவேலை ஏழைக்கு உதவியது. ஓய்வுநேர எழுத்து மறக்கப்படவிருந்தோரை வாழவைத்தது. இளைப்பாறியோர் காலையில் ஆலய வீதியை வலம்வருவதும், மாலை கட்டுவதும், தோரணம் பின்னுவதும், ஊரின் பழங்கதைகளை இளையோருக்காகக் கொப்பியில் எழுதி வைப்பதும் இவ்வழியிலான தொண்டுகளே. எழுதாது விட்டால் அவை முதியோருடனேயே மறைந்துவிடும். அத்தொண்டு சிறக்க எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.